பூசா என்ற ஒற்றைச் சொல்: 'டாப் கேட்' முழுத் தொகுப்பு டிவிடி

தூத்துக்குடியிலும் ராமநாதபுரத்துக் கடற்கரை ஊர்களிலும் எண்பதுகளில் சிறுவர்களாக இருந்தவர்களில் பலருக்குப் பெயர் தெரியாத ஒரு கார்ட்டூன் பூனையின் நினைவு இருக்கும். அது குப்பைத் தொட்டிக்குள் குடியிருந்தது. தெருக் கம்பத்தில் மாட்டியிருந்த போலீஸ்காரரின் தொலைபேசியைத் தன் வீட்டுத் தொலைபேசியைப் போல உரிமையோடு எடுத்துப் பேசியது. இரண்டு தொட்டி மூடிகளைத் தாளம் தட்டுவதுபோல் மோதித் தன் கூட்டாளிகளை வரவழைத்தது. அது பேசியது சிங்களம். எங்கள் தெருவில் ஒருவருக்கும் அந்த மொழி தெரியாது. அந்தப் பூனை யார் என்று கண்டுபிடிக்க எனக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. கண்டுபிடித்த பிறகு வாங்கிய டிவிடி தொகுப்பைப் பற்றியது இந்த மதிப்புரை. அதே பூனையை இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு இது முதலில் பயன்பட வேண்டும் என்பதால், தேடிய கதையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

தொகுப்பின் பெயர் 'டாப் கேட்: த கம்ப்ளீட் சீரீஸ்'. வார்னர் நிறுவனம் 2004-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியிட்டது. நான்கு தட்டுகளில் 30 பகுதிகள் உள்ளன. ஹன்னா-பார்பெரா கூடம் தயாரித்த இந்தத் தொடர், அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 1961 செப்டம்பர் முதல் 1962 ஏப்ரல் வரை, பெரியவர்கள் பார்க்கும் இரவு நேரத்தில் ஒளிபரப்பானது. அந்த 30 பகுதிகளோடு தொடர் முடிந்துவிட்டது என்பதால், இந்தப் பெட்டிக்குள் இருப்பது அந்தத் தொடர் முழுவதும். ஆனாலும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பார்த்ததில் ஒரு பாதி இதற்குள் இல்லை. அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இலங்கையின் தொலைக்காட்சி நிலையமான ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. சென்னையில் 1975-லேயே தூர்தர்ஷன் வந்துவிட்டாலும் அதன் அலைகள் எங்கள் பக்கம் எட்டவில்லை. கொடைக்கானல் மலைமேல் கோபுரம் எழும்பும்வரை தென்கோடி மாவட்டங்களில் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கியவர்கள் பெரும்பாலும் ரூபவாஹினியை நம்பித்தான் வாங்கினார்கள். அந்த நிலையத்தின் ஒளிபரப்பு, 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகல மலை உச்சியிலிருந்தும் வந்தது. இடையில் மறிக்க மலையோ கட்டடமோ இல்லாத கடல்வெளி. வெக்கை மிகுந்து காற்று அசையாமல் நிற்கும் மாலைகளில், கடலை ஒட்டிய குளிர்ந்த காற்றின் மேல் சூடான காற்று ஓர் அடுக்காகப் படியும். தொலைக்காட்சி அலைகள் அந்த அடுக்கைத் தாண்டி மேலே தப்பிப் போகாமல் கடலோடு வளைந்து வெகு தூரம் வந்துவிடும். அப்படிப்பட்ட நாட்களில் கொழும்பு பக்கத்து வீட்டில் இருப்பதுபோல் படம் தெளிவாக விழும். மறுநாள் காற்று வீசினால் திரை முழுக்கப் புள்ளிகள்.

எங்கள் வீட்டில் ஷட்டர் வைத்த மரப்பெட்டிக்குள் ஒரு கறுப்பு வெள்ளை சாலிடேர் தொலைக்காட்சி இருந்தது. மொட்டை மாடியில் இரண்டு இரும்புக் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி நிறுத்திய ஆண்டெனா, அதன் நடுவில் ஒரு பூஸ்டர். கொடைக்கானல் வந்த பிறகு ஆண்டெனாவை வடமேற்கே திருப்பினால் தூர்தர்ஷன், தென்கிழக்கே திருப்பினால் ரூபவாஹினி. அண்ணன் மாடியில் குழாயைப் பிடித்துத் திருப்புவான். நான் பெட்டிக்கும் வாசலுக்கும் ஓடி ஓடி 'இன்னும் கொஞ்சம்', 'போதும்' என்று கத்துவேன். நான் கத்துவது அவன் காதில் விழுந்து அவன் திருப்புவது நிற்பதற்குள் படம் கடந்து போய்விடும். கார்ட்டூனின் தொடக்கப் பாட்டையும் தலைப்பையும் நாங்கள் முழுதாகப் பார்த்த நாட்கள் மிகக் குறைவு என்பதற்கு இதுதான் காரணம். பெயர் தெரியாமல் போனதற்கும் இதுவே காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

எனக்கு நினைவில் நின்ற ஒரே சொல் 'பூசா'. அது நின்றதற்கு ஒரு காரணம் உண்டு. நாகர்கோவிலில் இருந்து வந்த எங்கள் பாட்டி பூனையைப் 'பூச்சை' என்றுதான் சொல்வார். கம்பனும் பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையைப் 'பூசை' என்றே சொல்கிறான். புரியாத மொழியின் நடுவே தெரிந்த சொல் ஒன்று ஓடினால் காது அதைப் பிடித்துக்கொள்ளும். மற்றபடி என்னிடம் இருந்தவை எல்லாம் படங்கள்தான்: தொட்டி, மூடி, தொலைபேசி, பெருத்த உடம்போடு கோபமாக வரும் ஒரு போலீஸ்காரர், தொப்பி போட்ட சாம்பல் நிறப் பூனை.

இணையம் வீட்டுக்கு வந்த பிறகு தேடத் தொடங்கினேன். எண்பதுகளில் பார்த்ததால் எண்பதுகளில் தயாரான கார்ட்டூன்களையே தேடினேன். இது முதல் தவறு. இந்தத் தவறு ஒன்றே பல ஆண்டுகளைத் தின்றுவிட்டது. 1984-இல் வந்த 'ஹீத்கிளிஃப்' தொடரில் பழைய வண்டிகள் குவிந்த இடத்தில் வாழும் ஒரு பூனைக் கூட்டம் வரும்; அதன் தலைவனுக்குத் தொப்பியும் உண்டு. ஆண்டும் பொருந்தியது, பூனைக் கூட்டமும் பொருந்தியது. அதுதான் என்று முடிவுகட்டிப் பல மாதங்கள் மனநிறைவோடு இருந்தேன். பிறகு சில பகுதிகளை உட்கார்ந்து பார்த்தபோது மனம் ஒட்டவில்லை. போலீஸ்காரர் எங்கே, கம்பத்துத் தொலைபேசி எங்கே என்ற கேள்வி விடவில்லை. ஒரு தொலைக்காட்சி நிலையம் புதிதாகத் தொடங்கும்போது இருபது ஆண்டுப் பழைய தொடர்களை வாங்கிப் போடுவது உலக வழக்கம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. நாம் பார்த்த ஆண்டும் படம் பிறந்த ஆண்டும் வேறு வேறு. பழைய கார்ட்டூன் எதையாவது தேடுபவர்கள் இந்த ஒன்றை மட்டும் முதலில் மனத்தில் போட்டுக்கொண்டால் தேடல் பாதியாகக் குறையும்.

இரண்டாவது தவறு நிறம். கறுப்பு வெள்ளைப் பெட்டியில் பார்த்ததால் பூனை சாம்பல் நிறம் என்று என் மனம் தானாகவே முடிவு செய்திருந்தது. தேடும்போதெல்லாம் சாம்பல் நிறப் பூனைகளை மட்டும் நின்று பார்த்தேன். மஞ்சள் பூனைகளைத் தாண்டிப் போனேன். 'டாப் கேட்' படங்கள் என் கண்ணில் அதற்கு முன்பே பலமுறை பட்டிருக்க வேண்டும். உண்மையில் அது நல்ல மஞ்சள் நிறப் பூனை. ஊதா நிறத் தொப்பியும் ஊதா நிறக் கையில்லாச் சட்டையும் போட்டிருக்கும்.

முடிச்சை அவிழ்த்தவர் கொழும்பில் வளர்ந்த தமிழரான ஓர் அலுவலக நண்பர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேச்சுவாக்கில் தொட்டி மூடிகளைப் பற்றிச் சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர், "அது பிஸ்ஸு பூஸா எல்லோ" என்று சிரித்தார். 'பிஸ்ஸு' என்றால் சிங்களத்தில் பைத்தியம். பைத்தியக்காரப் பூனை என்பது தலைப்பு. ரூபவாஹினியில் டைட்டஸ் தொடவத்த என்பவர் 'டாப் கேட்' தொடரை அந்தப் பெயரில் சிங்களமாக்கினார் என்றும், 'பக்ஸ் பன்னி' முயலை 'ஹா ஹா ஹரி ஹாவா' என்றும், 'டாக்டர் டூலிட்டில்' கதையைத் 'தொஸ்தர ஹொந்த ஹித' என்றும் பெயர் மாற்றியவர் அவரே என்றும் சொன்னார். நல்ல மனம் கொண்ட மருத்துவர் என்பது அந்தக் கடைசித் தலைப்பின் பொருள். அதைக் கேட்டதும், விலங்குகளோடு பேசும் அந்த மருத்துவரையும் நாங்கள் பார்த்திருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது. ஒரே மதியத்தில் இரண்டு புதிர்கள் தீர்ந்தன.

பெயர் மாற்றம் இந்தப் பூனைக்குப் புதிதும் இல்லை. இங்கிலாந்தில் 'டாப் கேட்' என்ற பெயரில் ஏற்கெனவே பூனை உணவு ஒன்று விற்பனையில் இருந்ததால், பிபிசி இதைப் 'பாஸ் கேட்' என்று ஒளிபரப்பியது. லத்தீன் அமெரிக்காவில் இதன் பெயர் 'டான் காடோ'. லண்டனில் வளர்ந்தவரும் மெக்சிகோவில் வளர்ந்தவரும் கொழும்பில் வளர்ந்தவரும் ஒரே பூனையைத் தேடினாலும் வெவ்வேறு பெயரைச் சொல்லித்தான் தேடுவார்கள். பெயரை நம்பித் தேடுவதைவிடப் பூனை என்ன செய்தது என்பதை நம்பித் தேடியிருந்தால் நான் முன்பே வந்து சேர்ந்திருப்பேன்.

இனி வாங்கிய கதை. முதலில் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் ரூ.1,200 கொடுத்து ஒரு தொகுப்பு வாங்கினேன். வந்தது கள்ளப் பிரதி. அட்டையை எடுத்தவுடன் சந்தேகம் வந்தது; எழுத்துகளின் ஓரம் கசிந்திருந்தது, ஈர விரலை வைத்தால் மை ஒட்டியது. தட்டைத் திருப்பிப் பார்த்ததும் உறுதியானது. தொழிற்சாலையில் அச்சில் அழுத்திச் செய்த தட்டின் அடிப்பக்கம் வெள்ளிபோல் இருக்கும். கணினியில் எரித்த தட்டின் அடிப்பக்கத்தில் ஊதாவோ நீலமோ படர்ந்திருக்கும். நடுத் துளையைச் சுற்றியுள்ள வளையத்தில் உண்மையான தட்டுக்கு நுணுக்கமான எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். என் கையில் இருந்த நான்கு தட்டுகளின் அடிப்பக்கமும் ஊதாவாக இருந்தது. இரண்டாவது தட்டு பாதியில் நின்றுபோனது. பணம் திரும்பவில்லை. இப்படி விற்பவர்களுக்கு, வாங்குகிறவர் குழந்தைப் பருவத்தைத் தேடி வருகிறார், விலையைப் பார்க்க மாட்டார் என்பது நன்றாகத் தெரிந்திருக்கிறது. பழைய டிவிடி வாங்கும்போது அட்டைப் படம் மட்டும் காட்டினால் போதாது, தட்டின் அடிப்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நேர்மையான விற்பனையாளர் மறுக்க மாட்டார்.

பிறகு அமெரிக்காவில் இருந்து ஊருக்கு வந்த உறவினர் ஒருவர் வழியாக, ஒருவர் பயன்படுத்தி விற்ற உண்மையான தொகுப்பு கிடைத்தது. ரூபாய்க் கணக்கில் மூவாயிரத்துக்குச் சற்று மேல். அட்டையின் ஒரு மூலை மடங்கியிருந்தது. தட்டுகளில் கீறல் இல்லை.

வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. டிவிடிகளை மண்டலம் மண்டலமாகப் பிரித்து, அந்தந்த மண்டலத்துக் கருவியில் மட்டும் ஓடும்படி பூட்டி விற்றார்கள். இது முதல் மண்டலத் தட்டு. இந்தியா ஐந்தாம் மண்டலம். இங்கே கடைகளில் விற்கும் பூட்டிய கருவிகளில் போட்டால், மண்டலம் பொருந்தவில்லை என்ற அறிவிப்போடு நின்றுவிடும். எல்லா மண்டலத் தட்டுகளையும் ஏற்கும் கருவி வேண்டும். கணினியில் உள்ள டிவிடி இயக்கியிலும் மண்டலத்தை மாற்றலாம், ஆனால் ஐந்து முறைக்கு மேல் மாற்ற விடாது. கடைசியாக வைத்த மண்டலத்திலேயே பூட்டிக்கொள்ளும். இந்தத் தொகுப்புக்காக நான் பழைய கருவி ஒன்றைத் தனியாக ஒதுக்கிவிட்டேன்.

முதல் தட்டைப் போட்டபோது எனக்கு ஏற்பட்டது ஏமாற்றம். திரையில் வந்த மஞ்சள் பூனையை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அதன் நண்பன் பென்னி நீல நிறம், சூ-சூ இளஞ்சிவப்பு. இவர்கள் யாரோ அந்நியர்கள். தவறான படத்தை வாங்கிவிட்டோமோ என்ற அச்சம்கூட வந்தது. பிறகு ஒரு யோசனை தோன்றித் தொலைக்காட்சியின் அமைப்புகளுக்குள் போய் நிறத்தின் அளவைச் சுழியத்துக்குக் குறைத்தேன். மஞ்சள் வடிந்து சாம்பலானது. ஊதாத் தொப்பி கறுத்தது. அந்த நொடியில் எங்கள் வீட்டுக் கூடத்துப் பூனை திரைக்குள் வந்து நின்றது. விடுதி வாசலில் நிற்கும் காவலாளிக்கு அது ஒரு காசை வெகுமதியாகக் கொடுத்துவிட்டு, காசில் கட்டியிருந்த நூலைச் சுண்டித் திரும்ப எடுத்துக்கொண்டது. அந்த நூலை நான் முற்றிலும் மறந்திருந்தேன். பார்த்ததும், அடுத்து என்ன நடக்கும் என்பது எனக்கு முன்பே தெரிந்திருந்தது. கறுப்பு வெள்ளைப் பெட்டியில் பார்த்த எதையும் இன்று அடையாளம் காண முயல்பவர்கள் இந்தச் சிறு வேலையைச் செய்து பார்க்க வேண்டும். நினைவு எந்த நிறத்தில் பதிந்ததோ அந்த நிறத்தில் காட்டினால்தான் அது பதில் சொல்கிறது.

படத்தின் தரம் நன்றாக இருக்கிறது. வரைந்த கோடுகள் கூர்மையாகத் தெரிகின்றன. கண்ணாடித் தாளில் வரைந்து படம் பிடித்த காலத்துக்கே உரிய தூசும் மயிரிழையும் அங்கங்கே தென்படுகின்றன. அவை எனக்குத் தொந்தரவாகத் தெரியவில்லை. ஓட்டம் மட்டும் என் நினைவில் இருந்ததைவிட ஒரு பிடி நிதானமாக இருப்பதுபோல் தோன்றியது. திரைப்படச் சுருள் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும். இலங்கையும் இந்தியாவும் பின்பற்றிய 'பால்' (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 25 சட்டங்கள் என்பதால், சுருளை நேராக ஓட்டினால் படம் நூற்றுக்கு நான்கு பங்கு வேகமாகும், குரலும் இசையும் சற்று ஏறி ஒலிக்கும். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சிறுவனுக்கு எல்லாமே வேகமாக ஓடியதும் காரணமாக இருக்கலாம்.

கதைகளைப் பற்றி. மொழி புரியாமல் பார்த்தபோது இது துரத்தலும் தப்பித்தலும் நிறைந்த பூனைக் கதை என்று நினைத்திருந்தேன். இப்போது புரிந்து பார்க்கும்போது இது பேச்சால் நடக்கும் தொடர் என்பது தெரிகிறது. 1955 முதல் 1959 வரை அமெரிக்காவில் ஓடிய ஃபில் சில்வர்ஸின் நகைச்சுவைத் தொடரில் பில்கோ என்ற இராணுவ சார்ஜெண்ட் தன் வாய்ச்சாலகத்தால் எல்லோரையும் ஏய்ப்பார். அவரைப் பூனையாக்கி நியூயார்க் சந்து ஒன்றில் விட்டதுதான் 'டாப் கேட்'. அந்தத் தொடரில் நடித்த மாரிஸ் கோஸ்ஃபீல்டே இதில் குண்டுப் பென்னிக்குக் குரல் கொடுத்திருக்கிறார். தலைவன் பூனைக்கு ஆர்னால்ட் ஸ்டாங் கொடுத்த குரல், கடன் கேட்க வந்தவன் கடன் கொடுக்க வந்தவனைப்போல் பேசும் குரல். அவ்வளவு பேச்சுள்ள தொடரை ஒரு சொல்கூடப் புரியாமல் நாங்கள் வாரந்தோறும் சிரித்துப் பார்த்தோம் என்பதை நினைக்கும்போது, வரைந்தவர்கள்மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

அந்த மரியாதையைச் சிக்கனத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். திரையரங்குக்காக 'டாம் அண்ட் ஜெர்ரி' வரைந்த அதே ஹன்னாவும் பார்பெராவும், தொலைக்காட்சியின் சிறு பணத்துக்குள் வாரம் ஒரு அரை மணி நேரப் படம் கொடுக்க வேண்டிய நெருக்கடியில் இருந்தார்கள். உடம்பை அசைக்காமல் வாயையும் கையையும் மட்டும் மாற்றி வரைந்தார்கள். சந்தில் பூனை நடந்தால், அதே செங்கல் சுவரும் அதே தொட்டியும் திரும்பத் திரும்பக் கடந்து போகும். எண்ணிப் பார்த்தேன், ஒரு நடையில் அதே தொட்டி நான்கு முறை வந்தது. முப்பது பகுதிகளையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு இது அலுப்பூட்டும். ஒரே மூச்சில் பார்க்க வேண்டிய தொடர் இல்லை இது. வாரத்துக்கு ஒன்று என்று பார்த்தால் இதன் சுவை கெடாது. ஆனால் நிற்கும் நிலையில் ஆளைக் காட்டிவிடும் திறமை இவர்களிடம் இருந்தது. டிப்பிள் என்ற அந்தப் போலீஸ்காரர் இடுப்பில் கையை ஊன்றி நிற்கும் விதத்திலேயே, இன்று அவர் ஏமாறப் போகிறார் என்பது எந்த மொழிக்காரருக்கும் விளங்கிவிடும். இங்கிலாந்தின் சில பகுதிகளில் பேச்சுவழக்கில் போலீஸ்காரர்களுக்கே 'டிப்பிள்' என்று பெயர் விழுந்துவிட்டது.

எல்லாப் பகுதிகளும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். 'எ விசிட் ஃப்ரம் மதர்' எனக்கு மிகவும் பிடித்தது. தான் நியூயார்க் நகரத்தின் மேயர் என்று ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் பென்னி கடிதம் எழுதியிருக்கிறான். அம்மா பார்க்க வருகிறார். வெளியூருக்குப் பிழைக்கப் போய், வேலையைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லி வீட்டுக்குக் கடிதம் எழுதிய எவரையும் இது தொடும். 'ஃபேர்வெல் மிஸ்டர் டிப்பிள்' பகுதியில் டிப்பிளுக்குப் பதிலாக ஒரு புதிய கண்டிப்பான காவலர் சந்துக்கு வருகிறார். டிப்பிளைத் திரும்பக் கொண்டுவரப் பூனைகளே பாடுபடுகின்றன. இந்தத் தொடரின் உயிர் டிப்பிளுக்கும் தலைவன் பூனைக்கும் இடையிலான பாசம்தான் என்பது அங்கே வெளிப்படும். 'த மகாராஜா ஆஃப் பூக்காஜி' பகுதியில் வெகுமதியாக மாணிக்கக் கற்களை அள்ளிக் கொடுக்கும் ஒரு மகாராஜா வருகிறார். 1961-இல் அமெரிக்கர்கள் இந்தியாவைத் தலைப்பாகையும் இரத்தினமுமாக மட்டுமே அறிந்திருந்தார்கள் என்பதை அது காட்டுகிறது. கதை வேகமாக ஓடினாலும் எனக்கு அந்தப் பகுதி உவப்பாக இல்லை. 'ஸ்பேஸ் மங்கி'யில் விண்வெளிக்குப் போகும் குரங்குக்குக் கிடைக்கும் சொகுசைக் கண்டு பூனை அந்த வேலையைப் பிடிக்கப் பார்க்கிறது. மனிதன் விண்வெளிக்குப் போன அதே ஆண்டுகளில் எழுதப்பட்ட கதை என்ற நினைப்போடு பார்த்தால் கூடுதலாக இனிக்கும்.

இப்போது, முன்பு சொன்ன அந்தப் பாதிக்கு வருகிறேன். இந்தத் தொகுப்பில் ஆங்கிலக் குரல்களோடு பதிவு செய்யப்பட்ட சிரிப்பொலியும் சேர்ந்து வருகிறது. ஒவ்வொரு வசனத்துக்கும் அரங்கம் சிரிக்கிறது. என் நினைவில் சிரிப்பொலியே இல்லை. எங்கள் கூடத்தில் இருந்த ஆறேழு பிள்ளைகளின் சிரிப்புதான் இருக்கிறது. குரல்களும் வேறு. 'பிஸ்ஸு பூஸா'வைக் கொடுத்த டைட்டஸ் தொடவத்த வெறும் குரல்மாற்றுக்காரர் இல்லை. இலங்கைத் திரைப்பட வரலாற்றைத் திருப்பிய, லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' படத்தைத் தொகுத்தவர், குழந்தைகளுக்காக 'ஹந்தயா' என்ற படத்தை 1979-இல் இயக்கியவர், 2011-இல் மறைந்தார். அவர் வசனத்தை அப்படியே மாற்றி வைக்காமல், நியூயார்க் சந்துப் பூனையைக் கொழும்புத் தெருவில் பிறந்ததைப்போலவே பேச வைத்தார் என்று சிங்களம் அறிந்த நண்பர்கள் சொல்கிறார்கள். பெயரை மாற்றிய துணிச்சலைப் பார்த்தாலே அது தெரிகிறது. எனக்கு அந்தச் சொற்கள் புரியாவிட்டாலும், ஏறி இறங்கி, இழுத்து, திடீரென்று நிறுத்திப் பேசிய அந்தப் பேச்சின் நடை காதில் இருக்கிறது. ஸ்டாங்கின் குரல் மிக நல்ல குரல். ஆனால் என் பூனையின் குரல் அது இல்லை. 'பிஸ்ஸு பூஸா'வும் இதேபோல் ஒழுங்கான தொகுப்பாகக் கிடைத்தால், இதற்குக் கொடுத்த விலையைவிட இரண்டு மடங்கு கொடுத்து வாங்கத் தயாராக இருக்கிறேன்.

ஆகவே, அறுபதுகளின் அமெரிக்கத் தொலைக்காட்சிக் கார்ட்டூன் எப்படி இருந்தது என்று அறிய விரும்புகிறவர்களுக்கு இது குறை சொல்ல முடியாத தொகுப்பு. கடலுக்கு இந்தப் பக்கம் இருந்து ரூபவாஹினி பார்த்தவர்கள், கண்ணுக்குத் தேவையானது இதில் முழுதாக இருக்கிறது, காதுக்குத் தேவையானது இல்லை என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். குழந்தைகளுக்கு என்று வாங்குவதாக இருந்தால் ஒரு பகுதியைப் போட்டுக் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். என் மகள் காசில் கட்டிய நூலுக்கும் தொட்டி மூடிகளுக்கும் சிரித்தாள், பேச்சு நீண்டபோது எழுந்து போனாள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கருவியையும் தட்டுகளையும் கையோடு எடுத்துப் போனேன். என்ன படம் என்று அண்ணனிடம் சொல்லாமல், நிறத்தைக் குறைத்துவிட்டுப் போட்டேன். அவன் ஐந்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. ஆங்கில வசனமும் சிரிப்பொலியும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. பூனை இரண்டு மூடிகளையும் கையில் எடுத்தபோது, "ஏல, சத்தத்த அமத்து" என்றான். அமர்த்தினேன். மூடிகள் ஓசையில்லாமல் மோதின. அண்ணன் தன் நாக்கால் 'டணார், டணார்' என்று அடித்தான். பிறகு, எந்த மொழியும் இல்லாத ஒரு மொழியில், ஆனால் அந்தப் பூனை பேசிய அதே ஏற்ற இறக்கத்தில், பகுதி முடியும்வரை பேசிக்கொண்டே இருந்தான்.